கோகோ மரங்கள் மீது ஒரு புகார்

வரும் திங்கட்கிழமையிலிருந்து சன்னலோர மேசையில் நான் இருக்கமாட்டேன். உங்களில் ஒருவர் இருப்பீர்கள். இந்த மண் பரிசோதனை நிலையத்திலிருந்து விடைபெறுகிறவர்கள், புதிதாக வருகிறவர்களுக்குச் சில பக்கங்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது நிலையத்தை நடத்தும் வரதன் சார் ஏற்படுத்திய வழக்கம். நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு அது பொருந்தும். இலக்கியம் படித்துக்கொண்டே இங்கே வேலை பார்த்து, இப்போது ஆய்வுப் படிப்புக்காகப் போகிற எனக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இருந்தும் எழுதுகிறேன். ஓர் அறிக்கையைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் போனால் எனக்கு அமைதி இருக்காது.

மண்ணை நிழலில் உலர்த்துவது, இடித்துச் சலிப்பது, கரைசல்கள் தயாரிப்பது பற்றியெல்லாம் இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நம் மேசையின் வேலை அதற்குப் பிறகு தொடங்குவது. பரிசோதனையில் கிடைத்த எண்களை, அந்த மண்ணுக்கு உரியவர் படித்தால் புரிகிற தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். சேர்ந்த புதிதில் இதை மொழிபெயர்ப்பு வேலை என்று நினைத்தேன். மனிதர்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தை வெட்டுகிறார்கள், நிலத்தை விற்கிறார்கள், உறவை முறித்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்தபிறகு, ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு உடனே அடுத்ததற்குப் போக என்னால் முடிந்ததில்லை.

அது ஆடி மாதம். தியாகராய நகரில் ஜவுளிக்கடைகளில் தள்ளுபடி நடக்கும்போது அந்தப் பக்கமே யாரும் வண்டியில் போகமுடியாது. அந்த நெரிசலின் நடுவே கடை வைத்திருக்கும் ஒருவர், கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, அபிராமபுரத்தில் இருக்கும் நம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். அண்ணாச்சி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். கையில் அவருடைய கடைப்பெயர் அச்சிட்ட இரண்டு துணிப்பைகள். இரண்டிலும் மண்.

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. தோப்பின் ஒரு பாதியில் தென்னைக்கு இடையே கோகோ நட்டிருந்தார்கள். மறுபாதியில் தென்னை மட்டும். சில வருடங்களாகக் கோகோ நிற்கிற பாதியில் தேங்காய்க் காய்ப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒரு பையில் கோகோ நிற்கிற பகுதியின் மண். மற்றதில் தென்னை மட்டும் நிற்கிற பகுதியின் மண். தானே தோண்டி எடுத்துவந்ததாகச் சொன்னார்.

"கோகோ மண்ணை உறிஞ்சிப்போட்டும்மா. எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒங்க கையால ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திட்டீயன்னா, தங்கச்சிகிட்ட காட்டிட்டு வெட்டிப்போடுவேன். ஆள்கூடச் சொல்லியாச்சு, வெள்ளிக்கிழமை கோடாலியோட வந்திருவான்."

தங்கச்சி என்று அவர் சொன்னது முத்துலட்சுமியை. கணவர் இறந்தபிறகு தோப்பிலேயே இருந்த வீட்டில் தங்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கோகோவை நட்டதும் அவர்தான். தேங்காய் அண்ணனுக்கு, கோகோ தங்கைக்கு என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. கோகோ போய்விட்டால் அந்த அம்மாளுக்கென்று அங்கே எதுவும் இல்லை. அண்ணாச்சியும் அதை யோசிக்காமல் இல்லை.

"அவளை இங்க கூட்டியாந்திருவேன். மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. மூணு வேளைச் சோறு, டி.வி. இருக்கு. மழையில நனைஞ்சுகிட்டு மரம் மரமா அலையவேண்டாம்லா?"

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த மாடி அறையை நினைக்கும்போது மூச்சு முட்டியது.

நீங்கள் வரதன் சாருடன் வேலை செய்யப்போகிறவர்கள் என்பதால் அவரைப் பற்றி இவ்வளவு மட்டும் சொல்லலாம்: எண்ணுக்கு அப்பால் ஓரடி எடுத்து வைக்கமாட்டார், எண்ணிலிருந்து ஓரடி பின்வாங்கவும் மாட்டார். வாடிக்கையாளர் முகம் சுருங்கினால் மட்டும் பதறிவிடுவார். புதன்கிழமை பிற்பகல் அவர் தந்த முடிவுகள் அண்ணாச்சியின் பக்கம்தான் இருந்தன. கோகோ நின்ற மண்ணில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், மிகக் குறைவு. மக்கிய பொருளும் குறைவு. அண்ணாச்சி, இலைகளில் நீலக் கறை இருந்தது என்று சொல்லியிருந்ததால் செம்பு எவ்வளவு என்றும் வரதன் சார் பார்த்திருந்தார். அது இருக்கவேண்டியதைவிட அதிகமாக இருந்தது. கோகோ இல்லாத பகுதியின் மண் எல்லாவற்றிலும் தேவலை.

"கோகோ மண்ணைக் கெடுத்திருக்கான்னு கேட்டார். கெட்டுத்தான் இருக்கு. எழுதிடுங்கோ, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். கீழ்வீட்டில் பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரே வரியை அந்தக் குழந்தைகள் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். 'கோகோ பயிரிட்டதால் மண் வளம் குன்றியுள்ளது.' இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால் 'ஆல்' என்று நான் எழுதும் அந்தக் காரணத்தை யார் பார்த்தார்கள்? எண்கள் விளைவைக் காட்டின. காரணத்தை அண்ணாச்சி சொன்னார்.

இன்னொன்றும் உறுத்தியது. அதற்கு முந்தைய கோடையில் கோகோ பற்றி விவசாயிகளுக்கான சிறு கையேடு ஒன்றை நான் தமிழில் எழுதியிருந்தேன். அதற்காகப் படித்தவற்றில் எல்லாம் ஒரு காட்சி மாறாமல் வரும்: கோகோ ஆண்டு முழுவதும் இலை உதிர்க்கும் மரம், அதன் அடியில் நடந்தால் மண்ணில் கால்படாது, மெத்தைபோல் சருகின்மேல்தான் நடக்கவேண்டும், அந்தச் சருகு மக்கி மேல்மண்ணைக் கறுப்பாக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். அப்படியிருக்க, இந்த மண்ணில் மக்கிய பொருள் ஏன் குறைய வேண்டும்? சாம்பல் சத்து குறைவதற்குக் காரணம் சொல்லலாம். காய்கள் அதைத் தோப்பைவிட்டு எடுத்துப் போகின்றன. இதற்கு என்ன காரணம்?

எழுந்து போய் வரதன் சாரிடம் கேட்டேன்.

"நீங்க படிச்சது தோட்டத்தைப் பத்தி. நான் பார்த்தது பையைப் பத்தி" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "பையில என்ன வந்துதோ அதுக்குப் பதில் சொல்லியாச்சு. தென்காசிக்கா போய்ப் பார்த்துண்டு வரமுடியும்?"

முடியாதுதான். நம் வேலையின் வசதி அது, ஆபத்தும் அது. தோட்டத்தின் ஒரு பிடி மட்டும் நம்மிடம் வருகிறது. மீதித் தோட்டம் கொண்டுவந்தவரின் பேச்சில் இருக்கிறது. பேச்சைக் கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. அன்று மாலை ஆழ்வார்ப்பேட்டை வரை நடந்துபோய், பேருந்தில் ஏறாமல், திரும்பவும் நடந்து அலுவலகத்துக்கே வந்தேன். அறிக்கையை வீட்டுக்கு எடுத்துப்போகவும் மனமில்லை, மேசையில் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. கடைசியில் மேசையில்தான் விட்டுப்போனேன், எழுதி முடிக்காமல்.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி வந்தபோது தங்கையையும் அழைத்துவந்திருந்தார். முத்துலட்சுமி முந்தைய நாள் ரயிலில் வந்திறங்கியிருக்கிறார். மெலிந்த உருவம், வெயிலில் கறுத்த கைகள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் மாட்டியிருந்த மண் வகைகளின் படத்தைப் பார்த்தபடி இருந்தார்.

வராந்தாவில் மண் இடித்துக்கொண்டிருந்த தயாளன் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், ராத்திரியெல்லாம் தூங்கலியா? மண்ணு கனவுல வந்துச்சா?" என்றார். தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள்" என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். தட்டச்சாக எதுவுமே அங்கில்லை. அறிக்கை தயாராக இல்லாதபோது இப்படிச் சொல்லும் பழக்கம் உங்களுக்கும் வரும். அன்று அந்தச் சொல்லால்தான் எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் அண்ணனும் தங்கையும் பேசத் தொடங்கினார்கள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காத ஏளா. நான் ஒன்ன ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க எதுக்கு என்னச் சொல்லணும்? மரத்தச் சொன்னா என்னச் சொன்ன மாதிரித்தான்."

"மரம் வேற, நீ வேற. நீ தோட்டத்த வச்சிருக்கிற மாதிரி எவனும் வச்சிருக்கமாட்டான். நான் மாசாமாசம் வாரேம்லா? ஒரு சருகு கெடக்குமா? சோறு போட்டுத் திங்கலாம் போலத் தரை கெடக்கும். ஒன்மேல குத்தமே கெடையாது. மரந்தான் சரியில்ல."

நான் மேசைமேலிருந்த அறிக்கைக் கோப்பை மூடினேன்.

"சருகே இருக்காதா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சிக்குப் பெருமை. "ஒரு எல கெடையாதும்மா. ஒங்க ஆபீசு கூட அவ்வளவு சுத்தமா இருக்காது."

"எந்நாளுமா, நீங்கள் வரும்போது மட்டுமா?"

அவர் தங்கையைப் பார்த்தார். முத்துலட்சுமி முதன்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் வாராகன்னு போன் வந்தா, ஆள விட்டுப் பெருக்கிருவோம்மா. மொதத் தடவ கோகோவப் பாக்க வந்தப்ப, இது என்னட்டீ குப்பைக்காடா, பாம்பு கெடந்தாத் தெரியுமான்னு கேட்டாக. அதுலருந்து பெருக்கிருவோம்."

"பெருக்கியதை என்ன செய்வீர்கள்?"

"ஓரமா குமிச்சுத் தீ வச்சிருவோம்."

"தென்னை மட்டும் இருக்கிற பக்கத்தையும் பெருக்குவீர்களா?"

"அங்க எதப் பெருக்க? புல்லுல்லா கெடக்கு. மாடு மேயும்."

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தென்னை மட்டும் நிற்கிற பக்கத்தில் வெயில் விழும், புல் முளைக்கும், மாடு மேய்ந்து சாணி போடும். கோகோவின் அடர்ந்த நிழலில் புல் வராது. அங்கே மண்ணுக்கு இருக்கிற ஒரே போர்வை அந்தச் சருகுதான். மாதந்தோறும், மரியாதைக்காக, அந்தப் போர்வையை உருவி எரித்திருக்கிறார்கள். வெற்று மண்மேல் மலையடிவாரத்து மழை. அண்ணாச்சி தானே தோண்டி எடுத்த மண், அவருடைய வருகைக்காகப் பெருக்கிய மண்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கதை எனக்கு விருப்பமானபடி முடிந்திருக்கும். மரம் குற்றமற்றது, தங்கை குற்றமற்றவர், எல்லாம் விளக்குமாற்றின் வேலை. உங்களுக்குப் பிடித்தமான காரணம் கிடைத்தவுடன் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காகவே மேலே எழுதுகிறேன். தாளில் செம்பு என்று இன்னோர் எண் இருந்தது. அந்தப் பழியை விளக்குமாற்றின்மேல் போடமுடியாது.

"காய் உடைத்தபிறகு அந்தத் தோட்டை எங்கே போடுவீர்கள்?" என்று கேட்டேன். கோகோக் காயை உடைத்து விதையை எடுத்தபின் மிஞ்சுகிற கெட்டியான மேலோட்டை அவர்கள் தோடு என்பார்கள்.

"கொட்டாய்க்குப் பக்கத்துல. மலை மாதிரிக் கெடக்கு." குரல் தணிந்தது. "மழைக்கு அழுகிரும். அதுலருந்துதான் காயழுகல் வருதுன்னு தோட்டத்த வந்து பாத்த ஒரு சார் சொன்னாரு."

"அதற்கு மருந்து அடிப்பீர்களா?"

"மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பேன்." அண்ணனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மழைக்காலத்துல அடிக்கடி. காய் கறுத்தா எனக்கு மனசு கேக்காதும்மா. அளவுக்கு மேலயே அடிச்சிருப்பேன்."

மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. மழையில் கழுவப்பட்டு அது கீழே மண்ணில்தான் இறங்கும், இறங்கினால் போகாது. மண்புழுவுக்கு ஆகாது. தோட்டில் இருப்பதோ சாம்பல் சத்து. தென்னைக்கும் அதுதான் பசி. மரத்தடிக்குத் திரும்பவேண்டிய தோடு கொட்டகையோரம் அழுகி நோயை வளர்த்திருக்கிறது. நோய்க்கு அடித்த மருந்து மண்ணைக் கெடுத்திருக்கிறது. பாதிப் பிழை அண்ணனுக்குக் காட்டிய மரியாதையால், பாதி தங்கையின் கவலையால்.

அவர்களைக் காபி குடிக்கச் சொல்லிவிட்டு நானும் வரதன் சாரும் உள்ளறைக்குப் போனோம்.

நான் கேட்டதெல்லாம் இதுதான்: செம்பை இந்த முறை அறிக்கையில் சேர்க்கவேண்டாம், அந்த அம்மாளிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன், அவர் நிறுத்திவிடுவார். அண்ணாச்சி காரணம் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். 'செம்பு அதிகம்' என்று ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நாளைக் காலையில் கோடாலி இறங்கிவிடும்.

வரதன் சார் பதறினார். ஆனால் நான் எதிர்பார்த்த பதற்றம் அதுவல்ல.

"சருகு விஷயத்தை எழுதினா அவருக்குக் கோபம் வரும். வரட்டும், பெரிய கடைக்காரர், நாலு பேர்ட்ட சொல்லுவார், வேற வழியில்லை. ஆனா செம்பை விடச் சொல்றேளே, அதெப்படி? நான் பார்த்தேன், இருக்கு. இருக்கறதை விட்டுட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"ஒரு குடும்பத்தின் விஷயம் சார்."

"எல்லா மண்ணும் ஒரு குடும்பத்தோடதுதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னதில் இருந்த நியாயம் அப்போது எனக்கு ஆறுதலாக இல்லை. வெளியே அண்ணாச்சி கடைக்குப் போன் செய்து, எந்தப் புடவைக் கட்டை எந்தத் தளத்துக்கு அனுப்பவேண்டும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டார். நான் எழுத உட்கார்ந்தேன்.

என்னால் ஒரு முடிவை மட்டும் எடுக்க முடிந்தது. எதை முதலில் எழுதுவது என்பது. செம்பை முதல் பத்தியில் வைத்தேன்; அதற்குக் காரணம் அளவுமீறிய மருந்தடிப்பு என்று எழுதினேன். அடுத்துத் தோட்டுக் குவியல். சருகு கடைசியில். யாரைக் காப்பாற்ற நினைத்தேனோ அவருக்கு எதிரானதை முன்னால் வைத்தேன். உத்தி என்று நினைத்து அப்படிச் செய்யவில்லை. பின்னால் வைத்தால், ஒளிக்க முயன்றதுபோல் எனக்கே தோன்றியது. 'கோகோ பயிரிட்டதால்' என்ற சொற்றொடர் எங்கும் வரவில்லை.

வரதன் சார் கையெழுத்துப் போட்ட தாளை அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் வாங்கித் தங்கையிடம் கொடுத்தார்.

"நீ படி. நான் படிச்சா எனக்குச் சாதகமாப் படிச்சேம்ப."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான். சார் காதுலயும் விழட்டும்."

முத்துலட்சுமி எழுந்து நின்றுகொண்டு படித்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு. முதல் பத்தி தொடங்கியதும் வேகம் குறைந்தது. "கோகோ நிற்கும் பகுதியில்... செம்பு மிகுதியாக உள்ளது. மழைக்காலத்தில் மயில்துத்தக் கலவை... தேவைக்கு மேல் தெளிக்கப்பட்டதே... இதற்குக் காரணம்." அங்கே நின்றுவிட்டார். அண்ணாச்சி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தாளில் இருப்பது தெரியாது. அடுத்த பத்திக்குத் தாவியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. அவர் மேலே படித்தார். "இந்தத் தெளிப்பு தொடர்ந்தால்... இந்த மண்ணைத் திருத்துவது கடினம்." ஒரு சொல்லையும் விடவில்லை. தோட்டுக் குவியலையும் படித்தார். பிறகு சருகு.

"கோகோ நிழலில் புல் வளர்வதில்லை. உதிரும் இலையே அந்த மண்ணுக்கு மூடாக்கும் எருவுமாகும். அது மாதந்தோறும் பெருக்கி எரிக்கப்பட்டதால்... மேல்மண் வெறுமையாகி மழையில் கரைந்துள்ளது. சருகை அப்படியே விட்டு, காய்த் தோட்டை மக்கவைத்து மரத்தடியில் இட்டு, தென்னைக்கும் கோகோவுக்கும் தனித்தனியே சாம்பல் சத்து அளித்தால்... இரண்டும் ஒரே மண்ணில் நிற்க முடியும்."

 தயாளன் வெளியே இடிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

"அப்ப, நான் போய்ப் போய்த்தான் தோட்டம் கெட்டுப்போச்சுங்கியளா?" என்றார் அண்ணாச்சி. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

வரதன் சார் வாயைத் திறந்தார். "அப்படியில்லே, அண்ணாச்சி, பொதுவா பார்த்தேள்னா..."

"நீங்கள் போனதால் இல்லை" என்று குறுக்கிட்டேன். "நீங்கள் வருகிறீர்கள் என்று பெருக்கியதால்."

  அண்ணாச்சி தங்கையின் கையிலிருந்து தாளை வாங்கினார். முதல் பத்தியை விரலால் தொட்டபடி மெதுவாகப் படித்தார். தலையை நிமிர்த்தி முத்துலட்சுமியை ஒரு கணம் பார்த்தார்.

"இதை நீ படிக்காம விட்டிருக்கலாம்."

"எழுதியிருக்குல்லா?"

அண்ணாச்சி எழுந்தார். "இங்கருந்து ஊருக்குப் போன் பேசலாமா?" என்றார். நம் தொலைபேசியில் வெளியூருக்குப் பேசும் வசதி அப்போது இல்லை. தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது என்றேன். படியிறங்கினார். முத்துலட்சுமி என்னைப் பார்த்தார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினேன். என் வேலை தாளோடு முடிந்துவிட்டது. ஆனாலும் மேலே உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை.

அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் அண்ணாச்சி நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம். லைன் கிடைப்பதற்குள் அவர் திரும்பத் திரும்ப எண்களைச் சுழற்றினார். கிடைத்தது. பேசினார். கையை வீசிப் பேசினார். உதடு அசைவதுதான் தெரிந்தது.

"என்ன சொல்லுதாக?" என்றார் முத்துலட்சுமி.

"கேட்கவில்லை."

"கோவமாச் சொல்லுதாகளோ?"

"எனக்குத் தெரியவில்லைம்மா."

"அண்ணன் சந்தோசமாப் பேசினாலும் இப்படித்தான் கைய வீசுவாக." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த மாடி ரூமு நல்ல ரூமுதான். நேத்துப் பாத்தேன். சன்னலத் தொறந்தா எதிர்க்கடைச் சுவரு."

நான் அவருக்கு ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கவேண்டும். எனக்கு அது வராது. அவருக்குப் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். சரியாக எழுதிவிட்டோம் என்ற நிச்சயம் இருக்கும், அது ஒன்றையும் காப்பாற்றாமல் போகலாம் என்ற நிச்சயமும் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கவேண்டும். அறிக்கையின் ஒரு வரியை மாற்றியிருந்தால் இந்த வெயில் குறைந்திருக்குமா என்று அப்போது யோசித்தேன். குறைந்திருக்கலாம். ஆனால் அடுத்த மழைக்கும் அவர் அதே கலவையை அதே அளவில் தெளித்திருப்பார். இன்னும் சில வருடங்களில் அந்த மண் மறுபடி ஒரு துணிப்பையில் இங்கே வந்திருக்கும், அப்போது எழுத வேறு வரி இருந்திருக்காது.

கதவு திறந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணாச்சி தலையை வெளியே நீட்டினார்.

"ஏளா, காய்த்தோட்ட எங்க குமிச்சு மக்க வைக்கணும்னு தோட்டத்து ஆளு கேக்கான். எனக்கு என்ன தெரியும்? நீ வந்து சொல்லு."

முத்துலட்சுமி சட்டென்று நகரவில்லை. பிறகு ஓடினார். கூண்டுக்குள் இருவர் நிற்க இடமில்லாததால் அண்ணாச்சி கதவைத் திறந்து பிடித்தபடி வெளியே வந்தார். இப்போது எல்லாம் கேட்டது. "கொட்டாய்ப் பக்கம் வேண்டாம்... மேட்டுல, தண்ணி நிக்காத எடத்துல... ஆமா... கோடாலிக்காரன்கிட்டச் சொல்லியாச்சா? சரி."

அண்ணாச்சி என்னிடம் திரும்பி, "ஒரு வருசம்தான்" என்றார், கடையில் விலை சொல்லும் குரலில். "அடுத்த ஆடிக்கு மறுபடியும் மண்ணக் கொண்டாருவேன். சத்து கொறஞ்சிருந்தா வெட்டத்தான் செய்வேன். எழுதி வச்சிக்கிடுங்க."

"கொண்டுவாருங்கள்" என்றேன்.

முத்துலட்சுமி தொலைபேசியை வைத்துவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை, ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்கால ரயிலுக்கே டிக்கெட் கிடைக்குமா என்று அண்ணனைக் கேட்டார். கடையில் பையனிடம் சொல்லி எடுக்கச் சொல்கிறேன் என்றார் அவர். ஆட்டோவுக்குக் கைகாட்டினார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக்கூடாது."

"சொல்லு."

"நீங்க இனிமே தோட்டத்துக்கு வந்தா, போன் பண்ணிட்டு வரவேண்டாம்."

ஆட்டோ வந்து நின்றது. அண்ணாச்சி ஏறாமல் நின்றார்.

"சொல்லாமக் கொள்ளாம வந்தா, எனக்குச் சோறு யாரு ஆக்கி வைப்பா?"

"நீங்க வந்தபெறவு ஒல வைக்கேன்" என்றார் முத்துலட்சுமி. "அதுவரைக்கும் கோகோக்குள்ள நடந்துகிட்டிருங்க. கால்ல செருப்பு போட்டுக்கிடுங்க, சருகு கெடக்கும்."